மண்ணின் நாடி பிடித்தவர்

நுழையும்முன்

பல கோடி கல் தொலைவில் உள்ள விண்மீனைத் தொலைநோக்கி வழியே காண்கிறோம். ஆனால், நம் காலடிக்குக் கீழே ஒரு கல் ஆழத்தில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி எதுவும் இல்லை. பாறை ஒளியைத் தன்னுள்ளே விடுவதில்லை. மண் தான் மறைத்து வைத்திருப்பதைத் தானாகச் சொல்வதுமில்லை. அந்த இருளுக்குள் மின்னோட்டத்தைத் தூதாக அனுப்பி, அது கொண்டுவந்த விடையைப் படிக்கக் கற்றுத்தந்த ஓர் அறிவியலாளரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

அடி தேடிய கதை

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோவில் சொல்லும் தலபுராணத்தை நாம் அனைவரும் அறிவோம். சிவபெருமான் அடியும் முடியும் காணவியலாத நெருப்புத் தூணாக நின்றார். நான்முகன் அன்னமாகி முடியைத் தேடி மேலே பறந்தார்; திருமால் பன்றியாகி நிலத்தைத் தோண்டி அடியைத் தேடிக் கீழே சென்றார். நான்முகன் முடியைக் கண்டதாகப் பொய்யுரைத்தார். திருமாலோ, அடியைக் காண இயலவில்லை என்று உள்ளதை உள்ளவாறே ஒப்புக்கொண்டார். சிவன் கோவில்களின் கருவறைப் புறச்சுவரில் காணப்படும் இலிங்கோத்பவர் சிற்பம் இக்கதையையே காட்டுகிறது.

இது பத்தியில் பிறந்த கதை. எனினும், நிலத்தின் ஆழத்தைத் தேடும் அறிவியலும் இக்கதையில் உள்ள மூன்று செய்திகளைத் தன் வழியில் சந்தித்தது. ஆழம் எளிதில் எட்டுவதில்லை. கீழே செல்லச் செல்ல வெப்பம் மிகுகிறது. கண்டதை மட்டுமே கண்டதாகச் சொல்லும் நேர்மை தேடுபவருக்கு வேண்டும்.

அண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடைக்காலத்தில் வேறொரு தேடலைக் காணலாம். இப்பகுதி கடினப் பாறை நிலம். இங்கே நிலத்தடி நீர், பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கியிருக்கும். ஓரிடத்தில் நீர் கிடைக்கும். பத்தடி தள்ளித் துளையிட்டால் புழுதி மட்டுமே பறக்கும். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டும் உழவருக்கு அந்தப் பத்தடி, வாழ்வுக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட தொலைவு. எனவே, துளையிடுவதற்கு முன் நீரோட்டம் பார்க்க ஆள் அழைப்பர். நிலவியல் அறிந்தவர் வந்தால், நான்கு இரும்புக் கோல்களை ஒரே நேர்கோட்டில் நிலத்தில் அடிப்பார். வெளிப்புறக் கோல்கள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துவார். உட்புறக் கோல்கள் இரண்டுக்கும் இடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாட்டை அளப்பார். பின்னர் வெளிப்புறக் கோல்களைச் சிறிது சிறிதாக அகற்றி நட்டு மீண்டும் அளப்பார். கோல்களின் இடைவெளி பெருகப் பெருக, மின்னோட்டம் மேலும் ஆழமாகச் சென்று திரும்பும். மருத்துவர் கைந்நாடியைத் தொட்டு உள்ளுறுப்பின் நிலையை உணர்வது போன்றது இது. இவ்வாறு கோல்களை நட்டு அளக்கும் முறைக்கு ஷ்லம்பர்ஜே முறை என்று பெயர். அப்பெயருக்கு உரியவரே கான்ராட் ஷ்லம்பர்ஜே.

இளமையும் கல்வியும்

கான்ராட் ஷ்லம்பர்ஜே 1878ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அல்சாஸ் பகுதியில் உள்ள கெப்வில்லர் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் நெசவாலைத் தொழிலில் பெயர்பெற்றது. தந்தையார் பெயர் பால். தாயார் மார்கரித், பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். அண்ணன் ழான் பின்னாளில் பிரெஞ்சு இலக்கிய உலகில் எழுத்தாளராகப் புகழ்பெற்றார். தம்பி மார்செல் 1884ஆம் ஆண்டு பிறந்தவர். பொறியியலில் வல்லவராக வளர்ந்தார்.

கான்ராட் பிறந்தபோது அல்சாஸ் பிரான்சின் கையில் இல்லை. 1870இல் தொடங்கிய போரில் பிரான்சு தோற்றதால் அப்பகுதி செர்மானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டிருந்தது. தம் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் கல்வி பெற வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். கான்ராட் பாரிசு நகரின் புகழ்மிக்க பொறியியல் கல்லூரியான எக்கோல் பாலிடெக்னிக்கில் 1898ஆம் ஆண்டு சேர்ந்தார். பின்னர்ச் சுரங்கக் கல்லூரியில் பயின்றார். 1907ஆம் ஆண்டு அச்சுரங்கக் கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியரானார்.

தொட்டியில் தொடங்கிய ஆய்வு

சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த அவருக்கு ஒரு கேள்வி ஓயாமல் எழுந்தது. கனிமம் புதைந்துள்ள இடத்தைத் தோண்டாமலே அறிய முடியுமா என்பதே அக்கேள்வி. அக்காலத்தில் சுரங்கம் தேடுவது பெரும்பாலும் மேற்பரப்புப் பாறைகளைப் பார்த்து ஊகிப்பதாகவும், ஊகித்த இடத்தில் தோண்டிப் பார்ப்பதாகவுமே இருந்தது. ஊகம் பொய்த்தால் பணமும் உழைப்பும் பாழாயின.

மின்னோட்டம் எல்லாப் பொருள்களிலும் ஒன்றுபோலப் பாய்வதில்லை. செப்புத்தாது போன்ற சில கனிமங்கள் அதை எளிதில் கடத்துகின்றன. உலர்ந்த பாறை கடத்த மறுக்கிறது. பொருளுக்குப் பொருள் வேறுபடும் இப்பண்பை மின்தடை எண் என்கிறோம். நிலத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தினால், உள்ளே புதைந்துள்ள கனிமம் அதன் பாதையை வளைக்கும். அவ்வளைவின் சாயல் மேற்பரப்பில் உள்ள மின்னழுத்தத்தில் தெரிய வேண்டும். இதுவே கான்ராட்டின் எண்ணம்.

எண்ணத்தைச் சோதிக்க அவர் பெரிய ஆய்வுக்கூடம் எதையும் தேடவில்லை. செம்பினாலான குளியல் தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி, மின்கம்பிகளை நட்டு, அளவுகளைக் குறித்தார். அங்கே கண்டது ஊக்கம் தரவே, 1912ஆம் ஆண்டு நார்மண்டிப் பகுதியில் உள்ள வால்ரிஷே என்னும் குடும்பத் தோட்டத்தில் திறந்த நிலத்திலேயே சோதனை செய்தார். ஒரே மின்னழுத்தம் உள்ள புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தபோது, நிலத்தடி அமைப்பின் முதல் மின்வரைபடம் உருவாயிற்று. அடுத்த ஆண்டில் செர்பியா நாட்டின் செப்புச் சுரங்கப் பகுதி ஒன்றில், மண்ணுக்குள் மறைந்திருந்த தாதுப் படிவை இம்முறை காட்டிக்கொடுத்தது.

தந்தையின் நிபந்தனை

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. கான்ராட் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றினார். நான்கு ஆண்டுகள் ஆய்வு நின்றது. போர் முடிந்ததும் அண்ணனும் தம்பியும் இணைந்து ஆய்வைத் தொடர விரும்பினர். கையில் பொருள் இல்லை, வாங்குவோரும் இல்லை.

அந்நிலையில் தந்தை பால் 1919ஆம் ஆண்டு 500000 பிராங்குகள் வரை கொடுக்க முன்வந்தார். அதற்கு அவர் எழுத்தில் விதித்த நிபந்தனை வியப்புக்குரியது. பணம் போட்டவர் ஆதாயம் கேட்பதே உலக வழக்கம். அவரோ, இம்முயற்சியில் பொருளீட்டலைவிட அறிவியல் ஆய்வே முதன்மை பெற வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு உரிய இயற்பியல் அறிவைக் கான்ராட்டும், பொறியியல் திறனைத் தம்பி மார்செல்லும் தர வேண்டும் என்றும் அவர் எதிர்பார்த்தார். பிள்ளைகள் இருவரும் அந்நிபந்தனையைத் தம் தொழிலின் அறமாகவே ஏற்றனர்.

1923ஆம் ஆண்டு ருமேனியாவில் நிலத்தடியில் மறைந்திருந்த உப்புக் குவிமாடம் ஒன்றின் வடிவை மின்முறையால் வரைந்து காட்டினர். இத்தகைய உப்புக் குவிமாடங்களின் ஓரங்களில் எண்ணெய் தங்குவதுண்டு. எனவே, எண்ணெய் தேடுவோரின் பார்வை அவர்கள்மீது விழுந்தது. 1926ஆம் ஆண்டு சகோதரர்கள் மின்முறை நிலத்தடி ஆய்வுக்கென்றே பாரிசில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர்.

கிணற்றுக்குள் இறங்கிய கம்பி

மேற்பரப்பிலிருந்து அளக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஆழம் மிகுந்தால் அடுக்குகளின் வேறுபாடு மங்கிவிடும். முற்றத்தில் நின்று கேட்டால், வீட்டின் உள்ளறையில் பேசுவோரின் குரல் ஒன்றோடொன்று கலந்து ஒலிப்பதைப் போன்றது அது. தெளிவாகக் கேட்க வேண்டுமானால் உள்ளே செல்ல வேண்டும்.

எண்ணெய்க் கிணறு துளைப்போர் அக்காலத்தில் ஆழத்துப் பாறையை அறிய ஒரே வழியையே நம்பினர். துளையின் அடியிலிருந்து பாறையை உருளை வடிவில் வெட்டி எடுத்து மேலே கொண்டுவருவர். இதற்குக் காலமும் செலவும் மிகுதி. பாறை உடைந்துபோனால் செய்தியும் போயிற்று. மேற்பரப்பில் செய்யும் அளவையே துளைக்குள்ளும் செய்தால் என்ன என்று கான்ராட் எண்ணினார். பாறையை மேலே கொண்டுவராமல், பாறையின் செய்தியை மட்டும் கொண்டுவருவது அவருடைய நோக்கம்.

கருவியை வடிவமைக்கும் பொறுப்பை அவருடைய மருமகனாகிய ஆன்ரி டால் என்னும் இளம் பொறியாளர் ஏற்றார். மின்கடத்தாப் பொருளாகிய பேக்கலைட்டுக் குழாய்களை இணைத்து நீண்ட கருவி ஒன்றைச் செய்தார். அதில் மூன்று மின்முனைகளைப் பொருத்தினார். ஒரு முனை மின்னோட்டத்தைப் பாறைக்குள் செலுத்தும்; மற்ற இரண்டும் அங்கே எழும் மின்னழுத்த வேறுபாட்டை உணரும். மூன்று முனைகளிலிருந்தும் மூன்று கம்பிகள் மேலே வந்தன. ஆற்றல் கீழே செல்வதற்கும் செய்தி மேலே வருவதற்கும் அந்தக் கம்பிகளே பாதை.

1927ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அல்சாசின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில் டாலும் இரு துணையாளர்களும் அக்கருவியைச் சில நூறு மீட்டர் ஆழமுள்ள கிணற்றுக்குள் இறக்கினர். ஒவ்வொரு மீட்டருக்கும் கருவியை நிறுத்தினர், அளவைப் படித்தனர், தாளில் கையால் எழுதினர், மீண்டும் ஒரு மீட்டர் மேலே இழுத்தனர். தன்னியக்கப் பதிவு எதுவும் இல்லை. பொறுமை ஒன்றே அவர்களின் பதிவுக் கருவி. பின்னர் அப்புள்ளிகளை வரைதாளில் இணைத்தபோது ஏறியும் இறங்கியும் செல்லும் வளைகோடு ஒன்று கிடைத்தது. களிமண் அடுக்கில் கோடு தாழ்ந்தது; கடினமான அடுக்கில் உயர்ந்தது. அண்டையில் உள்ள கிணறுகளிலும் இவ்வாறு அளந்து கோடுகளை அருகருகே வைத்தபோது, ஒரே அடுக்கு ஊருக்கு அடியில் எவ்வாறு தொடர்ந்து செல்கிறது என்பதும் தெரிந்தது. கிணற்றுக்குள் மின்கருவியை இறக்கிப் பாறைகளைப் பதிவுசெய்யும் உலகின் முதல் முயற்சி இவ்வாறு வெற்றி பெற்றது. பிறந்தபோது பிறர் கையில் இருந்து, உலகப்போருக்குப் பின் பிரான்சிடம் திரும்பிய தம் அல்சாஸ் மண்ணிலேயே கான்ராட்டின் எண்ணம் கைகூடியது குறிப்பிடத்தக்கது.

கடல் கடந்த பணி

1929ஆம் ஆண்டு முதல் வெனிசுலா, அமெரிக்கா, சோவியத்து ஒன்றியம் முதலிய நாடுகளின் எண்ணெய் வயல்களில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தநிலை தோன்றியது. பல இடங்களில் பணி குறைந்தது, நிறுவனம் தள்ளாடியது. சோவியத்து ஒன்றியத்தில் கிடைத்த பணி அதைத் தாங்கி நின்றது.

நெருக்கடியிலும் ஆய்வு நிற்கவில்லை. மின்னோட்டம் செலுத்தாத நிலையிலும் கிணற்றுக்குள் சிறு மின்னழுத்தம் தானாகவே தோன்றுவதை அவர்கள் கவனித்தனர். துளையில் நிரம்பியுள்ள சேற்றுநீரும் பாறையில் உள்ள நீரும் உப்பின் அளவில் வேறுபடுவதால் எழுவது அது. பிழை என்று ஒதுக்கத்தக்க அதையே அவர்கள் அளவாக மாற்றினர். நீர்மம் புகக்கூடிய நுண்துளைப் பாறை எது, புகவியலாத களிமண் எது என்பதை அது பிரித்துக் காட்டியது. 1931ஆம் ஆண்டு முதல் மின்தடை எண்ணுடன் இவ்வளவும் சேர்ந்து பதிவாயிற்று.

கான்ராட் தம் முறையின் உலகளாவிய வளர்ச்சியை முழுமையாகக் காணவில்லை. சோவியத்து ஒன்றியத்திலிருந்து திரும்பும் வழியில், 1936ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. தம்பி மார்செல் 1953ஆம் ஆண்டு தாம் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

வெப்பம் என்னும் தடை

கான்ராட் விட்டுச்சென்ற பணியில் பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியசு வரை உயர்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிய வெப்பம் இருக்கும். கம்பியின் மேலுறை இளகும், மின்னணு உறுப்புகள் தடுமாறும், மின்கலம் செயலிழக்கும். மின்கலங்களில் பயன்படும் இலித்தியம் ஏறத்தாழ 180 டிகிரியில் உருகிவிடும் என்பதை எண்ணிப்பார்த்தால், சிக்கலின் அளவு விளங்கும்.

பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டனர். சூடான தேநீரைச் சூடு ஆறாமல் காக்கும் வெற்றிடக் குடுவையை அவர்கள் தலைகீழான பயனுக்குக் கொண்டுவந்தனர். வெளிவெப்பம் உள்ளே புகாதபடி, கருவியை அத்தகைய குடுவைக்குள் வைத்துக் கீழே அனுப்பினர். ஆனால் அக்காப்புச் சில மணிநேரமே நிற்கும். அதற்குள் அளந்து மேலேற வேண்டும்.

துளையிட்டுக்கொண்டிருக்கும்போதே அளப்பது இன்னும் கடினம். சுழலும் குழாய்க்குள் கம்பியைத் தொங்கவிட முடியாது. அப்போது ஆற்றலும் செய்தியும் எவ்வாறு செல்லும்? துளைக்குள் ஓயாமல் பாய்ச்சப்படும் சேற்றுநீரே இதற்கு விடையாயிற்று. அடியில் உள்ள சிறு விசையாழியை அந்நீர் சுழற்றி மின்சாரம் தருகிறது. கருவியில் உள்ள அடைப்பிதழ் நீரோட்டத்தைச் சிறிது தடுத்தும் விட்டும் அழுத்தத் துடிப்புகளை உண்டாக்குகிறது. அத்துடிப்புகள் நீர்வழியே மேலேறி வந்து செய்தியாகப் படிக்கப்படுகின்றன. இவ்வழி மிக மெதுவானது. நொடிக்கு 10 பிட்டுகள் வருவதாகக் கொள்வோம். நம் கைப்பேசியில் நொடிப்பொழுதில் அனுப்பும் ஒரு மெகாபைட்டுப் படம் இவ்வழியே மேலே வர ஒன்பது நாள்களுக்கு மேல் ஆகும். ஆகவே, தேவையானதை மட்டும் தேர்ந்து சுருங்கச் சொல்லும் திறனைக் கருவிக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

முதல் பதிவு நிகழ்ந்த பெஷல்பிரானுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் சூல்ட்ஸ் என்னும் ஊர் உள்ளது. இயல்பைவிட நிலத்தடி வெப்பம் மிகுந்த இடம் என்பதைப் பழைய எண்ணெய்க் கிணறுகளின் அளவுகள் காட்டியதால், நிலவெப்ப ஆற்றல் ஆய்வுக்கு அவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 200 டிகிரி வெப்பமுள்ள பாறைவரை துளையிட்டு மின்சாரம் எடுக்கின்றனர். அன்று எண்ணெய்க்காகக் கம்பி இறக்கிய மண்ணிலிருந்து, இன்று எண்ணெய் எரிக்காமலே ஆற்றல் கிடைக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உருசியாவின் கோலா தீவக்குறையில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆய்வுத்துளை 12262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அங்கே எதிர்பார்த்ததைவிட மிகுதியாக, ஏறத்தாழ 180 டிகிரி செல்சியசு வெப்பம் இருந்ததால் துளையிடுதல் தடைப்பட்டது. ஐசுலாந்தில் 2017ஆம் ஆண்டு 4659 மீட்டர் ஆழத்தை எட்டிய துளையில் 400 டிகிரியைக் கடந்த வெப்பம் அளக்கப்பட்டது. நம் நாட்டில் மகாராட்டிர மாநிலத்தின் கொய்னா பகுதியில், 1967ஆம் ஆண்டு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கே நிலநடுக்கத்தின் காரணத்தை அறிய மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத்துளை இடப்பட்டுள்ளது.

இல்லை என்பதும் அறிவே

நம் காவிரிப்படுகையில் எண்ணெய் தேடும் கிணறுகளில் இறங்கும் நுண்கருவிக்கும், அண்ணாமலை அடிவாரத்து மானாவாரிக் காட்டில் நடப்படும் நான்கு இரும்புக் கோல்களுக்கும் மூலம் ஒன்றே. எண்ணெய் மின்னோட்டத்தைக் கடத்தாது. ஆகவே எண்ணெய் நிறைந்த பாறை உயர்ந்த மின்தடை எண்ணால் தன்னைக் காட்டிக்கொள்கிறது. கடினப் பாறையின் வெடிப்பில் தங்கிய நீரோ மின்னோட்டத்தைக் கடத்துவதால், தாழ்ந்த மின்தடை எண்ணால் தன்னை வெளிப்படுத்துகிறது. தேடும் பொருள் வேறு. கேட்கும் கேள்வி ஒன்று.

இந்த அளவுகள் எப்போதும் நல்ல செய்தியையே தருவதில்லை. கோல்களை நட்டு அளந்தவர் சில நேரங்களில் இந்நிலத்தில் துளையிட வேண்டா என்று சொல்ல நேரும். ஆவலோடு நின்ற உழவர் அதைக் கேட்டு வாடுவார். ஆனால் அந்தச் சொல், வாங்கியிருக்க வேண்டிய கடனிலிருந்து அவரைக் காக்கிறது. நம்பிக்கை தருவதற்காக அளவைத் திரித்துச் சொல்பவர் உழவரின் நிலத்தையே பறித்தவராவார். ஆதாயத்தைவிட ஆய்வே முதன்மை என்று ஒரு தந்தை கேட்டதும், அதைப் பிள்ளைகள் காத்ததும் இதனாலேயே போற்றத்தக்கன. கருவி தொட்ட ஆழத்தைத் தொட்டதாகவும், தொடாத ஆழத்தைத் தொடாததாகவும் சொல்வதே இத்துறையின் முதல் ஒழுக்கம்.

அடியைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்ட திருமாலை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. பொய்யுரைத்த நான்முகனுக்கே தனிக்கோவில்கள் அரிதாயின என்று புராணம் கூறும். மண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்த கான்ராட் ஷ்லம்பர்ஜேயின் வாழ்க்கையும் அந்த உண்மையையே நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஆழ்துளைக் கிணறுகளில் நீர் கிடைத்த ஆழத்தைப் பெரியோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக. அருகருகே உள்ள கிணறுகளில் ஆழம் வேறுபடுவதற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

2. பிழை என ஒதுக்கத்தக்க ஒன்றையே அளவாக மாற்றிய நிகழ்வைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதி, அதிலிருந்து நீங்கள் பெறும் படிப்பினையை விளக்குக.

3. அறிவியலில் நேர்மை என்னும் தலைப்பில் வகுப்பறையில் பேசுவதற்கு ஓர் உரை எழுதுக.